கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே

அக்காவின் வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தோல் தேய்ந்து மழமழப்பாக இருக்கும். அந்த இரண்டு விரல்களால்தான் அவள் கொன்றாள். வலையில் விழுந்த அந்துப்பூச்சியின் சிறகுகளை முதுகுக்கு மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பாள். சிறகுகளுக்குக் கீழே, கால்கள் முளைக்கும் நெஞ்சுப் பகுதியில் ஒரே அழுத்து. கடுகு வெடிப்பதைவிட மெல்லிய ஓர் ஒலி கேட்கும். பிறகு அதை உள்ளங்கையில் கிடத்திப் பார்ப்பாள். கால் ஏதும் உதறவில்லை என்று உறுதியானதும், "ஆய்த்து" என்பாள்.

முடிந்தது என்பதற்குக் கன்னடத்தில் வழங்கும் சொல் அது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாகப் பெங்களூரின் ஜோகுபாளையத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வாய்க்கு வந்து சேரும் என்பதற்கு எங்களிடம் விதி ஏதும் இல்லை. ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அக்காவிடம் இந்த ஒரு சொல்தான் இருந்தது.

நகரின் வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் அந்துப்பூச்சிகளை இனம் பிரித்து அடுக்கும் பணியில் அவள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தாள். அவளுடைய சக ஆய்வாளர்கள் பூச்சிகளை நச்சுக் குப்பியில் போட்டு மூடிவிடுவார்கள். அக்கா குப்பியைத் தொட மாட்டாள். சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் கற்பித்துவந்த எனக்கு, விரல்களால் நசுக்குவதே இரண்டில் கொடியதாகத் தோன்றியது. ஒருமுறை கேட்டேன்.

"உனக்குக் கஷ்டமா இல்லையா அக்கா?"

"கஷ்டமா இருக்கறதாலதான்டா வேகமா பண்றேன். கஷ்டமில்லாதவன் குப்பியில போட்டு மூடிட்டு டீ குடிக்கப் போவான். அது உள்ள அரை மணி நேரம் முட்டிட்டுக் கெடக்கும்." சற்று நிறுத்திச் சொன்னாள்: "பாதியில விடறதுதான்டா கொடுமை. பண்ணா முழுசா பண்ணு. இல்லைன்னா தொடாத."

தெருவில் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

"யக்கா, இத்த கொஞ்சம் பாரேன். எங்க வூட்டுக்காரரு பொறியோட பக்கெட்டுல முக்கறேங்கறாரு."

"உன் வூட்டுக்காரர முக்கு. எலிய இங்க குடு."

வந்தவள் சிரிப்பாள். அக்கா சிரிக்க மாட்டாள். பொறியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போவாள். நான் பார்த்ததில்லை. அந்தச் சொல் மட்டும் கேட்கும்.

அவளுடைய திருமண வாழ்க்கையும் இவ்வகையிலேயே முடிந்தது. கணவர் ஒரு மாலை கை ஓங்கினார். முதல்முறை. அடுப்பிலிருந்த தோசைக்கல் அவருடைய முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை கேட்டதும் அக்கா அடுப்பை அணைத்தாள். ஆட்டோ பிடித்து அவரை எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அம்மா கேட்டபோது, செருப்பைக் கழற்றியபடியே, "ஆய்த்து" என்றாள். அதன்பின் அந்த மனிதரைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ பேசி நான் கேட்டதில்லை.

அவள் அன்பு செலுத்திய உயிர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஒரு கரிய அந்துப்பூச்சியைச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும். புகைக்கரியின் நிறம், அதன்மேல் சாம்பல் தூவியதுபோல ஒரு மங்கல். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் வெற்று நிலங்களிலும், வெகு தெற்கே, மரங்கள் வளரக்கூடிய உயரத்தைக் கடந்த மலையுச்சிகளிலும் மட்டுமே அது வாழும். இடைப்பட்ட சமவெளிகளில் இல்லை. உலகம் பனியால் மூடியிருந்த காலத்தில் எங்கும் பறந்திருக்கும் என்றும், பனி பின்வாங்கியபோது ஒரு பகுதி வடக்கே ஒதுங்க, ஒரு பகுதி உச்சிகளில் ஏறி அங்கேயே சிக்கிக்கொண்டது என்றும் அக்கா சொல்வாள். லடாக்கின் கணவாய் ஒன்றில் அவள் கண்டது அதே இனமா, அதன் நெருங்கிய உறவா என்பதில் வெளிநாட்டு வல்லுநர்கள் வேறுபட்டார்கள். அக்கா வேறுபடவில்லை. அதுவேதான் என்றாள்.

இந்தப் பூச்சி பகலில் பறப்பது. அதுவும் வெயில் இருந்தால் மட்டுமே. கற்களுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் சுறுசுறுப்பாகப் பறந்துகொண்டிருக்கும். ஒரு மேகம் சூரியனை மறைத்ததும் அத்தனையும் கல்லெறிபட்டவைபோலத் தரையில் விழும். கால்கள் மடங்கி, விறைத்துக் கிடக்கும். வெயில் வந்ததும் எழும்.

அவள் அறிந்த செய்திதான் அது. அறிந்திருந்தும் பிழை நேர்ந்தது.

கணவாயில் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்த ஒரு பயணத்தின் கடைசி நாளில், பனியின் விளிம்பில் ஒரே ஒரு பூச்சி விறைத்துக் கிடப்பதைக் கண்டாள். பனியிலேயே பல நாள் கிடந்து உறைந்ததுபோல இருந்தது. செத்ததை நசுக்கினால் சிறகின் தூள் வீணாக உதிரும் என்று நசுக்காமல் எடுத்துப் பனிக்கட்டிக் குடுவையில் வைத்தாள். குடுவை விமானத்தில் பெங்களூர் வந்தது. ஆய்வகத்தின் குளிர்பெட்டிக்குப் போனது. ஒரு பிற்பகல், அவளை ஓர் உறவினர் வீட்டுக்கு அழைத்துப்போக நான் சென்றிருந்தபோது, சிறகு விரிக்கும் பலகையில் அதை வைத்து நெஞ்சின் நடுவே ஊசி செருகினாள். மேசை விளக்கை அருகே இழுத்துக்கொண்டாள். மஞ்சள் குமிழ் விளக்கு, நன்றாகச் சுடும்.

"சில்க் போர்டு பக்கமா போவாத. டிராஃபிக்ல மாட்டிக்குவோம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கால் அசைந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். காற்று என்று எண்ணினேன். அடுத்த கணம் ஆறு கால்களும் பலகையைப் பிறாண்டின. சிறகுகள் விரிந்து அடித்தன. அது ஊசியைச் சுற்றிச் சுழன்றது. சுழலச் சுழல நெஞ்சின் துளை அகன்றது. வெள்ளைக் காகிதத்தில் கரித்தூள் வட்டமாகச் சிதறியது. அவ்வளவு சிறிய உடலிலிருந்து அத்தகைய ஓசை எழக்கூடும் என்று நான் நினைத்ததில்லை. யாரோ தாள் கட்டு ஒன்றை வெறிபிடித்துப் புரட்டுவதுபோல இருந்தது.

அக்கா ஊசியோடு சேர்த்தே அதைப் பிடித்து நசுக்கினாள். ஊசி முனை அவள் விரலுக்குள் இறங்கியது. விடாமல் மறுபடியும் நசுக்கினாள். பிறகு எழுந்து, சுடும் விளக்கைக் கைமுட்டியால் குத்தினாள். குமிழ் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. இரத்தம் பலகையில் சொட்டியபோதும் மறுபடியும் குத்தினாள். நான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"தூங்கிட்டிருந்துச்சுடா" என்றாள். "குளுர்ல சும்மா தூங்கிட்டிருந்துச்சு."

சிதைந்த அந்த உடலை அவள் வீசி எறியவில்லை. சேகரிப்பில் வைத்தாள். இடம், உயரம், பிடித்தவர் பெயர் என்று வழக்கமாக எழுதும் சிறு தாளின் கீழ் ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: உயிரோடு குத்தப்பட்டது, பிழை என்னுடையது. அறிவியல் சேகரிப்பில் வாக்குமூலம் எழுதும் வழக்கமில்லை என்று நிலையத் தலைவர் கடிந்துகொண்டார். "அப்போ என்னையும் சேத்து எடுத்துடுங்க சார்" என்று அக்கா சொன்னதாகக் கேள்வி. அந்த வரி இன்றும் இருக்கிறது.

அதன்பின் அக்கா அசைவின்மையை நம்பவில்லை. எதையும் இரண்டாம் முறை தொட்டுப் பார்த்தாள். அம்மா இறந்தபோது மருத்துவர் சொன்ன பிறகும், எல்லாரும் அழத் தொடங்கிய பிறகும், அம்மாவின் மார்பில் காதை வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தாள். அழுகை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இறந்தபின் உறுப்புகளைக் கொடுக்கப் பதிந்துவிட்டு வந்து, வைட்ஃபீல்டில் அவள் தனியாக வாழ்ந்த அடுக்குமாடி வீட்டில் எனக்குச் சோறு போட்டபடி சொன்னாள்.

"எடுக்கறதெல்லாம் எடுத்துக்கச் சொல்லு. ஆனா ஒன்னு. நான் செத்துட்டேன்னு ஒருத்தன் சொன்னா உடனே நம்பிடாத. சூடு பண்ணிப் பாக்கச் சொல்லு."

"சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது?"

"ரசம் ஊத்தவா? அப்புறம் இன்னொன்னு. நெஜமாவே செத்திருந்தா வச்சுக்காத. ஊசியில குத்தி வச்ச மாதிரி வச்சு அழுதுட்டிருக்காத. புரிஞ்சுதா?"

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சிவாஜிநகரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு காலை, இறைச்சி வாங்கப் போயிருந்தோம். பேருந்து நிலையத்தின் பின்புறத் தெருவில் ஒரு கார் ஒரு நாயின் இடுப்பில் ஏறி இறங்கிப் போயிற்று. முன்கால்களால் அது தன் பின்னுடலை இழுத்துக்கொண்டு சாலையில் வட்டமடித்தது. அது எழுப்பிய ஓலத்தில் கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கூட்டம் சேர்ந்தது. ஒருவர் தண்ணீர் ஊற்றினார். பலர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

அக்கா பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, ரெஸ்க்யூவுக்கு கால் பண்ணியாச்சு" என்றான் ஓர் இளைஞன். "ஒன் அவர்ல வந்துடுவாங்க."

"ஒன் அவரா? உன் இடுப்பு மேல கார ஏத்திட்டு ஒன் அவர் வெய்ட் பண்ணச் சொல்றேன். பண்றியா?"

நாயின் வாயை இடக்கையால் சேர்த்துப் பிடித்து, தலையைத் தரையோடு அழுத்தி, காதுகளுக்குப் பின்னால் அடித்தாள். ஒரே அடி. ஓலம் நின்றது. அந்த அமைதியைக் கூட்டத்தால் தாங்க முடியவில்லை.

"மனுஷியா நீ?" என்று ஒரு பெண் அவள் கன்னத்தில் அறைந்தாள். மூக்குக் கண்ணாடி தெறித்தது. யாரோ முதுகில் உதைத்தார்கள். பின்னாலிருந்து ஒரு கல் வந்து உதட்டைக் கிழித்தது. அக்கா எழவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. மண்டியிட்டபடி, வாயிலிருந்து இரத்தம் ஒழுக, நாயின் விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அடிகள் விழ விழக் கையை எடுக்காமல் இருந்தாள். அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நான் குனிந்து நின்றேன். என்மேலும் சில விழுந்தன. எதுவும் துடிக்கவில்லை என்று உறுதியான பின்பே அவள் "ஆய்த்து" என்று எழுந்தாள்.

இறைச்சிக் கடைக்காரர் ஒருவர்தான் குறுக்கே புகுந்து எங்களை வெளியே இழுத்தார். அக்காவை உருதில் ஆபா என்றார். "ஆபா பண்ணது சரிதான்யா! நீங்கல்லாம் படம் எடுத்தீங்க, அவங்க வேலைய முடிச்சாங்க. போங்க, போங்க!"

யாரோ புகார் செய்ய, எங்களை அழைத்துப்போன காவல் நிலையத்தில் ஆய்வாளர், ஏன் அடித்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். "ஒந்தே ஏட்டு சார்" என்றாள் அக்கா. ஒரே அடிதான் என்று. அதுவே தன் முழு வாதம் என்பதுபோல. அவர் அவளுடைய உதட்டைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு நீங்கள் மருத்துவரா என்று விசாரித்தார். "பூச்சி டாக்டர்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் வரவழைத்தார். உதடு வீங்கியிருந்ததால் அவளால் குடிக்க முடியவில்லை.

அவளுடைய முடிவும் ஒரு நாயால் வந்தது.

கடந்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், வைட்ஃபீல்ட் சாலையில் வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தாள். நடுச்சாலையில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தது. வண்டிகள் விலகிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி ஒன்று அவளை அடித்துத் தூக்கி நடுத்திட்டின் மேல் எறிந்தது. தலை திட்டின் விளிம்பில் மோதியது.

ஓட்டுநர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். ஓசூர்ப் பக்கத்து ஆள். சட்டையெல்லாம் அக்காவின் இரத்தம்.

"நான் சொன்னேன் சார். மேடம், அது செத்துடுச்சு, வாங்க, வண்டில்லாம் வேகமா வருதுன்னு சொன்னேன். கேக்கல சார். தொட்டுப் பாக்கணும்னாங்க."

அவர் கையைப் பிசைந்தபடி மெல்லச் சொன்னார்:

"அது சாவல சார். லாரி பிரேக் அடிச்ச சத்தத்துல எழுந்து மூணு கால்ல ஓடிடுச்சு."

தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்கா வென்டிலேட்டரில் இருந்தாள். கருவி அவளுடைய மார்பை ஒரே சீராக உயர்த்தி இறக்கியது. முகத்தின் ஒரு பாதி இருந்த இடத்தில் கட்டு இருந்தது. வலது கையின் சுட்டுவிரலைப் பிராணவாயு அளக்கும் ஒரு பிடிப்பான் கவ்விக்கொண்டிருந்தது. அந்த விரலை. பொறுப்பிலிருந்த மருத்துவர் சேலத்துப் பெண், என் மாணவிகளின் வயது. மூளைத்தண்டு செயலிழந்திருப்பதாகத் தாங்கள் கருதுவதாகவும், முறைப்படி சோதிக்க வேண்டும் என்றும், அது உறுதியானால் அக்கா பதிந்துவைத்த விருப்பத்தை நிறைவேற்றக் குடும்பத்தின் ஒப்புதல் தேவை என்றும் சொன்னார். குடும்பம் என்பது நான்தான்.

எங்கள் சித்தியின் மகள் உடன் வந்திருந்தாள். திடீரென்று கத்தினாள்.

"கை அசைஞ்சுது! டாக்டர், அக்கா கை அசைஞ்சுது! நான் பாத்தேன்!"

நானும் பார்த்தேன். போர்வையின் மேல் விரல்கள் மடங்கி விரிந்தன.

"தண்டுவடத்துலேர்ந்து வர்ற அசைவும்மா அது" என்றார் மருத்துவர். "மூளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"செத்தவங்க கைய அசைப்பாங்களா? அண்ணா, கையெழுத்து போடாதீங்க! போட்டீங்கன்னா நீங்களே கொன்னீங்கன்னு அர்த்தம்!"

சாட்சியங்களை எடைபோடக் கற்பித்தே என் வாழ்நாள் கழிந்திருக்கிறது. அந்தக் கட்டிலருகே என்னிடம் இருந்தவை இரண்டு சாட்சியங்கள்: செத்ததாக ஓட்டுநர் சொன்ன பிறகு எழுந்து ஓடிய ஒரு நாய், ஊசியைச் சுற்றிச் சுழன்ற ஒரு பூச்சி. அவள் உயிரோடிருக்கும்போதே நான் ஒப்பமிட்டால், உயிருள்ளவளை ஊசியில் குத்தியவன் ஆவேன். அவள் இறந்துவிட்ட பின்னும் நான் மறுத்தால், இந்தக் கருவியில் அவளைக் குத்தி வைத்திருப்பவனும் நானே.

"அவ உடம்புச் சூடு எவ்வளவு?" என்று கேட்டேன்.

மருத்துவர் திரையைப் பார்த்தார். "கொஞ்சம் கம்மிதான் சார். மழையில நனைஞ்சிருக்காங்க. மூளை அடிபட்டா உடம்பால சூட்டைக் காப்பாத்தவும் முடியாது."

"அப்போ டெஸ்ட் பண்ணாதீங்க. முதல்ல சூடு பண்ணுங்க."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "சூடாக்காம நாங்க டெஸ்ட் பண்ணவே மாட்டோம் சார். சில்லுனு இருக்கற ஆளைச் செத்ததா சொல்லக் கூடாது, அதுதான் ரூல். நீங்க டாக்டரா?"

"இல்லை" என்றேன். "என் அக்கா சொன்னது."

வெப்பக்காற்று ஊதும் போர்வையை அவள்மேல் போர்த்தினார்கள். முதல் சோதனை அன்று மாலை. விதிப்படி இடைவெளி விட்டு, மறுநாள் காலை இரண்டாவது. இரண்டாவதற்கு உடனிருக்க என்னை அனுமதித்தார்கள். கண்மணியில் விளக்கடித்தார்கள். காதுக்குள் பனிக்கட்டி நீர் செலுத்தினார்கள். வலி தெரிகிறதா என்று அறிய, நகத்தின் அடியையும் புருவ எலும்பையும் பலங்கொண்டு அழுத்தினார்கள்; அது சோதனைபோல இருக்கவில்லை, தாக்குதல்போல இருந்தது. இறுதியாக, கருவியின் குழாயைக் கழற்றினார்கள். மூச்சு தானாக எழுகிறதா என்று எல்லாரும் அவளுடைய மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது மேகம் விலகியது. சன்னல் வழியே வெயில் கட்டிலின்மேல் விழுந்தது. பச்சைப் போர்வையில், கழுத்தில், கட்டு மறைக்காமல் விட்டிருந்த கன்னத்தில் வெயில் படர்ந்தது. நான் காத்திருந்தேன். மற்றவர்கள் மார்பைப் பார்த்தார்கள். நான் வெயிலைப் பார்த்தேன்.

குழாயை மறுபடியும் பொருத்தினார்கள். பிறருக்குக் கொடுக்க இருப்பவை கெடாமலிருக்க அது ஓட வேண்டும் என்றார்கள். கன்னடம் பேசும் மூத்த செவிலி ஒருவர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஆய்த்து சார்" என்றார்.

நான் ஒப்பமிட்டேன். சித்தி மகள் என் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினாள். அவள் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. குற்றச்சாட்டு முறையானதுதான், நான் மறுத்து வாதிடவில்லை.

அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்வதற்கு முன், கருவிகளை மாற்றுவதற்காகச் செவிலி விரலில் இருந்த பிடிப்பானைக் கழற்றினார். அந்த இரண்டு விரல்களையும் என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். தேய்ந்த தோல் மழமழப்பாகவே இருந்தது. விரல்கள் நல்ல சூட்டோடு இருந்தன. பனியிலிருந்து அவள் எடுத்த பூச்சி சில்லிட்டுக் கிடந்தது, அது உயிரோடிருந்தது.

செவிலி காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை. இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். எதுவும் உதறவில்லை.

"ஆய்த்து அக்கா" என்றேன்.